வெயில் படாத நிறம்

காலையில் வந்ததும் பசிலியா சுக்கிமியா முதலில் ஏற்றுவது தையல் மிஷினின் அடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பல்பைத்தான். இரவெல்லாம் குளிரில் கிடந்த மிஷினில் எண்ணெய் பசையாக இறுகியிருக்கும். பல்பின் சூட்டில் கால் மணி நேரம் காய்ந்தால்தான் சக்கரம் இளகிச் சுற்றும். அதுவரை இஸ்திரிப் பெட்டிக்கு மேலே, தொட்டும் தொடாமலும் கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு உட்காருவாள். கால்கள் இரண்டும் வெட்டுத்துணி அடைத்த உருளைக்கிழங்குச் சாக்குக்குள் போகும். மடியில் வெந்நீர் நிரப்பிய சோடா பாட்டில். மேலே இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை. கீழே ஐந்து உள்பாவாடை. அப்படியும் பதினோரு மணிக்குள் விரல் நுனி மரத்து, ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மற்ற வருஷங்களில் இந்தப் பாடு கிடையாது. மலைமேட்டு நகரமான எல் ஆல்தோவில் ஜூலைதான் கடுங்குளிர் மாதம், நிழலில் நின்றால் பல் கிட்டும். நாலடி தள்ளி வெயிலுக்கு வந்துவிட்டால் சால்வையே வேண்டாம். ஒன்பது மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கியதும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், முதுகை வெயிலுக்குக் கொடுத்து, மாலை வரை கைத்தையலை அங்கேயே முடித்துவிடுவார்கள். இந்த வருஷம் அது நடக்காது. இந்த வருஷம் கையில் இருப்பது சரக்கு லாரிக்காரர்களின் ஆட்டக்குழு கொடுத்த வேலை. நாற்பத்திரண்டு பெண்களுக்கு நாற்பத்திரண்டு பாவாடை. பதினாறாம் தேதி காலை, கார்மென் மாதா திருவிழாவில் அவர்கள் தெருவில் இறங்கும்வரை, தைக்கிறவரையும் உடுத்துகிறவரையும் தவிர வேறொரு கண் அந்த நிறத்தைப் பார்க்கக் கூடாது.

அதற்காக ஜன்னலில் அட்டை வைத்து, அட்டைக்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்து ஆணி அடித்திருந்தார் முதலாளியம்மா தோன்யா சதுர்னினா. 'தோன்யா' என்பது அங்கே பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். மூன்று தட்டு தட்டினால்தான் திறக்க வேண்டும். அறைக்குள்ளேகூட நிறத்தின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். "அதுல ரெண்டு கெஜம் வெட்டு." "அதுக்குத் தோதா நூல் இருக்கா பாரு." பல்பு வெளிச்சத்தில் அது மங்கலான ஒரு சிவப்பு, அவ்வளவுதான். வெயிலில் எப்படி இருக்கும் என்று பசிலியாவுக்கே தெரியாது.

நிறம் முன்கூட்டியே வெளியே போனால் என்ன ஆகும் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த இன்னொரு தையல்கூடத்தில் அது நடந்தது. எதிர்க்குழுக்காரர்கள் பீர் பெட்டி சுமக்கும் ஆட்களின் இடுப்பில் அதே துணியைச் சுற்றி ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். பின்னால் வந்த அறுபது பெண்களும் முகம் செத்துப்போய் ஆடினார்கள். யார் சொன்னது என்று விசாரித்தபோது பழி பசிலியாவின் தலையில் விடிந்தது. அங்கே கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான். மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். ஒருவரும் நம்பவில்லை. பிறகு பதினான்கு மாதம் எந்தத் தையல்கூடத்திலும் அவளுக்கு ஸ்டூல் இல்லை. சந்தையில் தார்ப்பாய் விரித்து, உறையவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு விற்றாள்.

தோன்யா சதுர்னினா அங்கே வந்து அவளைக் கூப்பிட்டார். "நீ சொன்னியா, சொல்லலியான்னு நான் கேக்கப்போறதில்ல. உன் கொசுவத்த நான் பாத்திருக்கேன், ஒரு நூல் பிசகாது. வா. ஆனா இன்னொரு தடவ அந்த மாதிரி ஒண்ணு ஆச்சுன்னா, உன் கொசுவமும் வேண்டாம், நீயும் வேண்டாம். இந்த ஊர்ல வேற எவளும் உன்னைச் சேத்துக்க மாட்டா, தெரியும்ல."

தெரியும். அதனால்தான் கதவின் அடி இடுக்கில் வெட்டுத்துணியை உருட்டி அடைத்தவள் பசிலியாதான். குளிர்காற்றும் வராது, கண்ணும் வராது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரிசலில்கூட ஸ்க்ரூடிரைவரால் பஞ்சைக் குத்தி ஏற்றியிருந்தாள்.

கூடத்தில் அவளைத் தவிர இன்னொருத்தி, நோர்கா. இருபத்திரண்டு வயது. கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

"அக்கா, என் மூக்கு இருக்கா பாருங்க. எனக்கே தெரியல."

"இருக்கு. ஒழுகிக்கிட்டே இருக்கு. அது மேல விழாம பாத்துக்க."

"நாம தைக்கிறது பாவாடையா, பேங்க் லாக்கரா? வெளியில நாய்கூட வெயில்ல மல்லாந்து கிடக்குது. நாம ரெண்டு பேரும் ஐஸ்பெட்டிக்குள்ள கோழி மாதிரி."

"நாய்க்கு யாரும் வேலை குடுக்கல. தை."

ஹீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. இஸ்திரிப் பெட்டியும் இரண்டு மிஷினும் ஓடும்போது ஹீட்டரையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும். கரியடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ரேடியோவில் கேட்கிறார்களே: கரியடுப்பை உள்ளே வைத்துப் படுத்த குடும்பம், காலையில் கதவை உடைத்த பக்கத்து வீட்டுக்காரர். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் தோன்யா சதுர்னினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "புத்தியில்லாத ஜனங்க" என்பார்.

ஜூலை மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. மாதா மாதம் அன்றைக்குப் பூமித்தாய்க்குப் படையல் எரிப்பது வழக்கம். இந்த முறை கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. மூலையில் ஒரு புது மிஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. படையல் காட்டி, மிஷினுக்கு ஞானத்தாயாக ஒருத்தி வந்து நாடா கட்டி, பீர் தெளித்த பிறகுதான் அதில் ஊசி இறங்கும். ஞானத்தாய் ஆகிறவள் அந்த வீட்டுக்கே உறவாகிவிடுவாள்; அதற்கு இன்னும் ஆள் அமையவில்லை. படையலையாவது முடித்துவிடலாம் என்று மதியம் இரண்டு மணிக்கு முற்றத்தில் மண்சட்டியில் கரியை மூட்டினார் தோன்யா சதுர்னினா. கரி கனிந்ததும் மூலிகை, லாமாக் கொழுப்பு, கலர் கம்பளி நூல், வீடும் மிஷினும் அச்சடித்த சர்க்கரை வில்லைகள், கோக்கா இலை எல்லாவற்றையும் காகிதத்தோடு அதன்மேல் வைத்தார். சாம்பிராணி போட்டார். மூன்று பேரும் தரையில் சாராயம் தெளித்துக் கும்பிட்டார்கள்.

தெருவுக்கு எதிர்ப்புறம் மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் தோன்யா காஸ்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். போட்டிக் குழுவான இரும்புக்கடைக்காரர்களின் ஆட்டக்குழுவில் முன்வரிசை ஆட்டக்காரி அவர். அங்கே நின்றால் இந்த முற்றம் உள்ளங்கை போலத் தெரியும். சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது.

"பாரு, ஒரே சட்டையை நாலு தடவை உதறுறா. கண்ணு பூரா இங்கதான்" என்றார் தோன்யா சதுர்னினா, உதடு அசையாமல்.

அப்போதுதான் காற்று கிளம்பியது. இரண்டு மணிக்கு மேல் பீடபூமியிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு நேரம் காலம் தவறாது. சட்டியிலிருந்து பொறி எழுந்து பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் கூரைப் பக்கம் பறந்தது. தண்ணீர் ஊற்ற முடியாது. பூமித்தாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை இழுப்பது போல அது. கிளறக் கூடாது, ஊதக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. தானாக அடங்கி வெள்ளைச் சாம்பலாக வேண்டும். தோன்யா சதுர்னினா இரண்டு சாக்குத் துண்டுகளால் சட்டியின் காதைப் பிடித்துத் தூக்கி, தையலறைக்குள் கொண்டுபோய், புது மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இங்கேயே சாப்பிடட்டும். மிஷினுக்கும் ஆசீர்வாதம். நான் போய் சால்வைக்குக் குஞ்சம் கட்டினாங்களா பாத்துட்டு ஆறு மணிக்குள்ள வந்துர்றேன். எதிர்வீட்டுக்காரி கண்ணு கழுகுக் கண்ணு. மூணு தட்டு தட்டாம யாருக்கும் திறக்காதீங்க."

பசிலியா தாழ்ப்பாளைப் போட்டாள். துணி உருளையைக் காலால் இடுக்கில் தள்ளி அழுத்தினாள். மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தச் சட்டி ஓர் அடுப்பாகத் தெரியவில்லை. அடுப்பு என்றால் பயந்திருப்பார்கள். இது படையல்.

சாம்பிராணி வாசனை அறையை நிறைத்தது. அரை மணி நேரத்தில், இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக, பசிலியாவின் விரல்களுக்கு உயிர் வந்தது. சாக்கிலிருந்து காலை எடுத்தாள். ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். நோர்கா பாட ஆரம்பித்தாள்.

"மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதாதுக்கா. தெனம் வெள்ளிக்கிழமையா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"தெனம் லாமாக் கொழுப்பு உங்கப்பனா வாங்கித் தருவான்?"

மூன்றேகால் மணிக்கு நோர்கா பாட்டை நிறுத்தினாள். தலைவலி என்றாள். பசிலியா கோக்கா இலைப் பையை நீட்டினாள். இருவரும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குமட்டுகிறது என்றாள்.

"காலையிலயும் சாப்பாட்ட தள்ளி வெச்சியே" என்றாள் பசிலியா, கண்ணைத் தூக்காமல். "எத்தனை மாசம்?"

"அக்கா!"

"லாரி டிரைவர் பையன் நாலு தடவை இந்தத் தெருவுல ஹாரன் அடிச்சிட்டுப் போனானே, எனக்குக் காது இல்லன்னு நெனச்சியா?"

நோர்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "சும்மா இருங்கக்கா. தலை வெடிக்குது." நெற்றியை மிஷினின் இரும்பில் சாய்த்துக் கொஞ்ச நேரம் குளிர்ச்சி பிடித்தாள். பிறகு மறுபடி பெடலை மிதித்தாள். பிறகு மெதுவாக மிதித்தாள்.

பசிலியாவுக்கும் நெற்றிப்பொட்டில் ஏதோ துடித்தது. கண்ணுக்குக் கொடுக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டாள். கொசுவத்தை விரலால் எண்ணி மடித்து, இடுப்புப்பட்டியில் வைத்து ஊசி ஓட்டினாள். தூக்கிப் பார்த்தாள். தையல் கோணலாகப் போயிருந்தது.

பதினெட்டு வயதில் கற்ற கை அது. இருபத்துமூன்று வருஷத்தில் குளிரிலும் காய்ச்சலிலும் கோணியதில்லை. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி கோணல், இந்த முறை சுண்டுவிரல் அகலம் விலகியிருந்தது. அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல இருந்தது. குளிரில் மரத்த கை அல்ல. கை சூடாகத்தான் இருந்தது. சூடான கை எதற்கு மரத்துப்போகிறது?

அந்தக் கேள்வி மனதுக்குள் மிக மெதுவாக நகர்ந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தும் பார்த்தாள். படையல் எரிந்து உள்ளே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கரி சிவந்து கிடந்தது. சிவப்பின்மேல் மெல்லிய நீலச் சுடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இது கரி. அறைக்குள் கரி எரிகிறது. ஜன்னலில் அட்டை. இடுக்கில் துணி. அந்தத் துணியை வைத்தவள் தான்.

"நோர்கா."

நோர்காவின் பெடல் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. தலை மிஷின்மேல் கிடந்தது. பாதி தைத்த பாவாடை மடியில்.

பசிலியா எழுந்தாள். முழங்கால் மடங்கியது. மேஜையைப் பிடித்து நின்றாள். கதவு ஆறடி தூரம். கதவைத் திறந்தால் எதிரே முற்றம், முற்றத்துக்கு மேலே அந்த மொட்டைமாடி. கதவுக்கு நேர் எதிரே, சுவரோடு சுவராகக் கட்டிய கயிற்றில், முடிந்த பாவாடைகள் இருபத்தெட்டு தொங்கின.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. கயிற்றுப் பக்கம் போனாள். ஓரத்தில் மடித்து வைத்திருந்த போர்வையை உதறி, பாவாடைகளின்மேல் எறிந்தாள். ஒரு பக்கம் நின்றது, மறுபக்கம் சரிந்தது. மறுபடி தூக்கி எறிந்தாள். கை தோளுக்கு மேல் ஏறவில்லை. போர்வை முழுவதும் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கப் போனபோதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நோர்கா ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை.

பசிலியா போர்வையை விட்டாள்.

தவழ்ந்துதான் கதவுக்குப் போனாள். துணி உருளையைப் பிடுங்கினாள். தாழ்ப்பாள் எளிதில் அசையவில்லை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் குத்தினாள். கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது, பாத்திரத் தண்ணீரை ஊற்றியது போல. அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நோர்காவின் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து, பின்பக்கமாக இழுத்தாள். ஒரு முழம். இன்னொரு முழம். வாசற்படியில் நோர்காவின் குதிகால்கள் இரண்டும் தட்டிக்கொண்டு இறங்கின. மடியில் இருந்த பாவாடை கூடவே வந்தது. நடு முற்றத்தில், வெயிலில், அது முழுவதுமாக விரிந்தது.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிளந்தால் உள்ளே தெரியும் சிவப்பு. காற்று தூக்கியபோது மடிப்புக்குள் ஆரஞ்சு ஓடியது. இதுதானா அது என்று பசிலியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

தோன்யா காஸ்தா மாடிச் சுவரில் வயிறு படக் குனிந்து நின்றார். பசிலியா அண்ணாந்து பார்த்தாள். நோர்காவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மாடியில் ஆள் இல்லை. பிறகு தெருக்கதவு இடிபட்டது, திறந்தது. அந்தக் கனத்த உடம்பு இவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் முற்றத்துக்கு வந்து மோந்து பார்த்தார். அறைக்குள் தலையை நீட்டினார்.

"கரியா? உள்ளயா? உங்களுக்குப் பைத்தியமா?"

"அடுப்பு இல்ல" என்றாள் பசிலியா. "படையல்."

"பூமித்தாய்க்கு எதப் படைச்சீங்க? உங்களையேவா?" தோன்யா காஸ்தா மண்டியிட்டு நோர்காவின் சால்வை ஊசியைக் கழற்றினார், ஸ்வெட்டரை மேலே இழுத்தார், தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். "மூச்சு இருக்கு. இங்க காத்து பத்தாது. ஆக்சிஜன் வேணும். எந்திரி, பிடி."

தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வந்த மினிபஸ்ஸின் முன்னால் தோன்யா காஸ்தா தன் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

"அமுக்கு, அமுக்கு. என்னை ஏத்திட்டுத்தான் போகணும். இல்லன்னா இவளை ஏத்திக்கிட்டு போ. சுகாதார நிலையத்துக்கு. நேரா. நடுவுல எவனுக்காச்சும் நிறுத்தின, உன் நம்பர் எனக்கு மனப்பாடம்."

நோர்காவைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். பசிலியா படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தெருக்கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளே முற்றம். அதற்குள்ளே அறைக்கதவும் திறந்து கிடந்தது.

"கதவு..." என்றாள்.

"கதவு திறந்துதான் கிடக்கணும். புகை போக வேண்டாமா? நீயும் குடிச்சிருக்க அதை, உன் உதட்டைப் பாரு. ஏறு."

"தோன்யா காஸ்தா, அங்க வந்து..."

தோன்யா காஸ்தா அவளை நேராகப் பார்த்தார். "பாத்துட்டேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன். ஏறுறியா, அவ தனியா போகட்டுமா?"

பசிலியா ஏறினாள்.

சுகாதார நிலையத்தில் இருவருக்கும் முகமூடி மாட்டினார்கள். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு நோர்கா கண்ணைச் சுழற்றி, கூரையைப் பார்த்து, யாரோ தன்னை அடித்தார்கள் என்று புகார் சொன்னாள். நர்ஸ் வந்து, கர்ப்பமா என்று கேட்டாள். நோர்கா முகமூடியைத் தூக்கிவிட்டு, "அந்தக்கா கிட்ட கேளுங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். கர்ப்பம் இல்லை. வெறும் புகைதான். ஓர் இரவு இருக்கட்டும், இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் வேறு பேச்சு பேசிக்கொண்டிருப்போம் என்றாள் நர்ஸ். பசிலியாவையும் இருக்கச் சொன்னார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. முற்றத்தில் வெயில் போய்விட்டிருந்தது. தோன்யா காஸ்தா பசிலியாவின் ஸ்டூலில், அறைவாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டி முற்றத்தின் நடுவே இருந்தது, காற்றுக்கு மறைவாக இரண்டு செங்கல் வைத்து. அந்தப் பாவாடை மடித்து வாசற்படியில் இருந்தது.

"பொழச்சாளா?"

"பேசறா."

"அப்ப பொழச்சிட்டா." சட்டியைக் காலால் காட்டினார். "பூரா வெள்ளை. ஒரு கறுப்பு இல்ல. பூமித்தாய் ஏத்துக்கிட்டா. உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம், இதுக்கு மேல எதையும் கேக்கல." எழுந்து தன் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். "நான் இங்க வந்தேன்னு உங்க முதலாளிக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உன்னைத் தொரத்திடுவா. உன் கதை எனக்கும் தெரியும். நீ சொல்லாத. நானும் சொல்லல."

அவர் போன பிறகு பசிலியா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலை இன்னும் கனத்தது. சொல்லாமல் இருப்பது சுலபம். நோர்கா மயங்கிவிட்டாள், நான்தான் தெருவுக்குத் தூக்கிப்போனேன், மினிபஸ் கிடைத்தது, முதலில் போர்வையைப் போட்டு மூடிவிட்டேன் என்று சொன்னால் போதும். அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லவில்லை என்றபோது நம்ப ஆளில்லை. இன்றைக்குப் பொய் சொன்னால் நம்புவார்கள். நம்பிவிட்டால் பதினாறாம் தேதி வரை, அதற்குப் பிறகும், எதிர்வீட்டு மாடிப் பக்கம் தலை தூக்காமலே நடக்க வேண்டியிருக்கும். போர்வை தரையில் விழுந்தபடியே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

மூன்று தட்டு விழுந்தது. திறந்திருந்த கதவில்தான் தட்டினார் தோன்யா சதுர்னினா, திகைத்துப்போய். கையில் சால்வை மூட்டை.

"ஏன் திறந்து கிடக்கு? நோர்கா எங்க?"

பசிலியா எழுந்து நின்று சொன்னாள். கரி, தலைவலி, கோணல் தையல், தாழ்ப்பாள். தோன்யா சதுர்னினா மூட்டையை நழுவவிட்டார். நோர்கா எப்படி இருக்கிறாள் என்று இரண்டு முறை கேட்டார். பேசுகிறாளா, உன்னைத் தெரிந்ததா, அவள் அம்மாவுக்குச் சொல்லியாயிற்றா. எல்லாவற்றுக்கும் பதில் கேட்ட பிறகுதான் அவர் பார்வை கயிற்றுக்குப் போனது.

"யாரு பாத்தாங்க?"

"தோன்யா காஸ்தா. மாடியில இருந்து மட்டும் இல்ல. இங்க வந்து. வாசல்ல நின்னு. எல்லாத்தையும்." பசிலியா முற்றத்துச் சட்டியைக் காட்டினாள். "அவங்கதான் மினிபஸ்ஸ நிறுத்தினாங்க. சட்டியை வெளிய தூக்கினாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கதான் இருந்தாங்க."

தோன்யா சதுர்னினா எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பசிலியா. "எனக்குப் புரிஞ்சதும் நான் நோர்காகிட்ட போகல. கதவுகிட்டயும் போகல. மொதல்ல போர்வையைத்தான் எடுத்தேன். ரெண்டு தடவ மூடப் பாத்தேன். அவ விழுந்த சத்தம் கேட்டப்புறம்தான்..." தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தாள். "நாளைக்கு வரட்டுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

தோன்யா சதுர்னினா வெள்ளைச் சாம்பலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி வைத்துக்கொண்டார்.

"உள்ள தூக்கி வெச்சது நான்" என்றார். "ரேடியோவைக் கேட்டு, புத்தியில்லாத ஜனங்கன்னு சொன்னதும் நான்."

அறைக்குள் போனார். உள்ளே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. அட்டையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தன. வெளியே வந்தபோது ஒரு கையில் இரண்டு பீர் பாட்டில், இன்னொரு கையில் புது மிஷினுக்கென்று வாங்கி வைத்திருந்த நாடாச் சுருள். தெருவைக் கடந்தார். இரண்டு வருஷமாகத் தட்டாத கதவைத் தட்டினார். கதவு திறக்கச் சற்று நேரமானது. திறந்தது. மூடியது.

பசிலியா முற்றத்தில் நின்றாள். மேலே வானம் கறுத்து, குளிர் காலிலிருந்து ஏறத் தொடங்கியது. அரை மணி நேரம் கழித்து அவர் வந்தபோது கையில் நாடா இல்லை.

"ஞாயித்துக்கிழமை வந்து மிஷினுக்கு நாடா கட்டறா. ஞானத்தாய்."

"நிறத்தப் பத்தி..."

"கேக்கல. கேட்டா அதுக்காகத்தான் போன மாதிரி ஆயிடும்ல." தோன்யா சதுர்னினா சால்வை மூட்டையை எடுத்துத் தூசி தட்டினார். "ஞானத்தாயா ஆன வீட்டு மானத்த எவளும் தெருவுல விடமாட்டா. விட்டான்னா பதினாறாம் தேதி காலையில தெரியும். அப்ப ஆட்டக்குழுக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ இல்ல. நான்." தெருக்கதவை மூடப்போனவர் திரும்பினார். "கோணலாப் போச்சுன்னியே, அது எது?"

"என் மிஷின்மேல இருக்கறது."

"காலையில வந்து பிரி."

மறுநாள் பசிலியா வந்ததும் மிஷினுக்குக் கீழே பல்பைப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியின்மேல் கையைக் காட்டினாள். ஒன்பது மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கியது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்து, பாவாடையை மடியில் விரித்தாள். கள்ளிப்பழச் சிவப்பு. அசைத்தால் ஆரஞ்சு. ஊசியின் முனையால் கோணல் தையலை ஒவ்வொரு நூலாகத் தூக்கிப் பிரித்தாள். விரல்களில் சூடு ஏறியது.

மொட்டைமாடியில் தோன்யா காஸ்தா நேற்று மறந்துபோன துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். உறைபனியில் விறைத்துப்போன சட்டைகள் பலகை போல நின்றன. அவர் குனிந்து பார்த்தார். பசிலியாவின் கை, பழக்கத்தில், பாவாடையின் ஓரத்தைப் பற்றியது. மடிக்கப் போனாள். மடிக்கவில்லை. தலையைக் குனிந்து முதல் கொசுவத்தை மறுபடி எண்ணத் தொடங்கினாள்.